கேட்டைத் திறக்கும் முன்: வண்டியையும் டிரைவரையும் தினமும் பாதுகாப்பாக வேலைக்கு அனுப்புவதற்கான முழுமையான வழிகாட்டி

பல யார்டுகளில் வண்டியை வேலைக்கு விடுவது என்றால் டிரிப் ஷீட்டைக் கொடுப்பது, சாவியை நீட்டுவது, கேட்டைத் திறப்பது, அவ்வளவுதான். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நானும் வண்டிகளை வேலைக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் பொறுப்புக்கு வந்த முதல் சில மாதங்கள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய லாரி நாற்பது கிலோமீட்டர் தாண்டுவதற்குள், பின்பக்க இடது சக்கரங்கள் ஜோடியாகக் கழன்று ஓடிவிட்டன. சாலையோரம் அந்த நேரத்தில் யாரும் இல்லை, அதனால் ஓர் உயிரும் போகவில்லை. முந்தின இரவு பஞ்சர் பார்த்துச் சக்கரத்தை மாட்டியிருக்கிறார்கள், நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கவில்லை, காலையில் நானோ டிரைவரோ குனிந்தும் பார்க்கவில்லை. செக்லிஸ்ட்டில் "டயர்: சரி" என்று டிக் இருந்தது, அடியில் என் கையெழுத்து இருந்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் வேலை செய்யும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். கீழே இருப்பது அந்த முறைதான். மூன்று வண்டி வைத்திருப்பவருக்கும் முந்நூறு வண்டி ஓட்டும் கம்பெனிக்கும் அடிப்படை ஒன்றே: இந்த வண்டியும் இந்த டிரைவரும் இன்றைய வேலைக்குத் தகுதியாக இருக்கிறார்களா என்று ஒருவர் நேரில் பார்த்து முடிவெடுக்க வேண்டும்; "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு நேரம், அதிகாரம், மாற்று ஏற்பாடு மூன்றும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் செக்லிஸ்ட் எத்தனை பக்கம் இருந்தாலும் எல்லா வண்டியும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

படி 1: நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுதி வையுங்கள்

காலையில் வண்டியை வேலைக்கு விடுவதற்கு, அதாவது ரிலீஸுக்கு, கையெழுத்துப் போடுபவர் ஒருவர்தான், அவர் லீவில் இருந்தால் அவருக்குப் பதில் இன்னார் என்று பெயரோடு எழுதுங்கள். டிரிப் எண்ணிக்கையைப் பார்த்து இன்சென்டிவ் வாங்குபவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மாதக் கடைசியில் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கையெழுத்துப் போடுபவர் நிறுத்திய வண்டியை முதலாளி போன் போட்டு "பரவாயில்ல, விட்டுடு" என்று சொன்னாலும் விடக்கூடாது, பழுது சரியாகி, அதைச் சரிசெய்த மெக்கானிக் அல்லாத இன்னொருவர் பார்த்த பிறகுதான் வண்டி நகர வேண்டும். முதலாளியே இதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

டிரைவருக்கும் அதே உரிமை உண்டு. "இந்தப் பிரேக்கோடு நான் எடுக்க மாட்டேன்" என்று அவர் சொன்னால் அன்றைய கூலியில் கை வைக்கக்கூடாது, அடுத்த வாரம் மோசமான ரூட்டைத் தலையில் கட்டவும் கூடாது. ஒரே ஒரு முறை அப்படிச் செய்துவிட்டால் போதும், அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

படி 2: நாளைய ரிலீஸ் இன்று மாலையே ஆரம்பிக்கிறது

காலை ஐந்தரை மணிக்குப் பழுதைக் கண்டுபிடித்தால் அதைச் சரிசெய்ய ஆளும் இருக்காது, பாகமும் இருக்காது, கஸ்டமர் மட்டும் போனில் இருப்பார். அதனால் வண்டி ஷெட்டுக்குத் திரும்பியதும், சாவியை வாங்கும் அந்த நிமிடத்திலேயே கேட்டுவிடுங்கள். "வண்டி எப்படிண்ணே இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் பதில் வரும். பிரேக் மிதிக்கும்போது ஒரு பக்கம் இழுத்ததா, ஸ்டியரிங் அதிர்ந்ததா, பிரேக்குக்கான காற்றழுத்தம் (ஏர்) ஏற வழக்கத்தைவிட நேரம் எடுத்ததா, புதுச் சத்தம் கேட்டதா என்று தனித்தனியாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

இன்னொன்று, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வண்டி ஓடி வந்து நின்ற சூட்டோடு ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியையும் (ஹப்) இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஒரு முறை பாருங்கள், கையை வைக்காதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ரொம்பச் சூடாக இருந்தால் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கும், இல்லாவிட்டால் பேரிங் போய்க்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். இரவெல்லாம் நின்று குளிர்ந்துபோன வண்டியில் காலையில் எவ்வளவு தேடினாலும் இந்தத் தகவல் கிடைக்காது.

மாலையில் செய்ய வேண்டிய அடுத்த வேலை கணக்கு. 300 கிலோமீட்டர் ரூட், சராசரி வேகம் மணிக்கு 45 என்றால் ஓட்டுவதற்கே ஏறக்குறைய ஆறே முக்கால் மணி நேரம் ஆகும். லோடு ஏற்ற இரண்டு மணி, இறக்க இரண்டு மணி, இடையில் ஓய்வு முக்கால் மணி. மொத்தம் பதினொன்றரை மணி நேரம், அதுவும் எங்கேயும் டிராஃபிக் இல்லாமல் இருந்தால். இதை ஒன்பது மணி நேர வேலை என்று டிரிப் ஷீட்டில் எழுதிக் கொடுத்தால் மீதியை டிரைவர் வேகத்திலும் தூக்கத்திலும்தான் ஈடுகட்டுவார். வேகமாக ஓட்டாதே என்று அவருக்கு அறிவுரை சொல்லும் முன் நாம் போட்ட நேரத்தை ஒரு தடவை கூட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக மாற்று. குறைந்தது ஒரு வண்டியாவது, ஒரு டிரைவராவது கையிருப்பில் இருக்கட்டும். சின்ன யார்டில் இது முடியாது என்றால் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள், "என் வண்டி நின்றால் உன் வண்டி, உன் வண்டி நின்றால் என் வண்டி" என்று.

படி 3: முதலில் டிரைவரைப் பாருங்கள், வண்டியை அப்புறம்

நான் வழக்கமாக இந்த வரிசையில்தான் போகிறேன், ஏனென்றால் டிரைவர் சரியில்லை என்றால் வண்டியைச் சோதிப்பவரும் சரியில்லை என்று ஆகிவிடுகிறது. சாவி கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் எதிரில் நின்று பேசுங்கள். போனில் வேண்டாம், ஜன்னல் வழியாக வேண்டாம். கண், பேச்சு, நடை மூன்றையும் பார்க்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் நின்றால்தான் முடியும்.

ஒரு டிரைவர், பத்து வருஷத்துக்கு மேல் ஒரு விபத்தும் இல்லாதவர், ஒரு நாள் லாக் புக்கில் கையெழுத்துப் போட்டார். எப்போதும் கோட்டின் மேல் நேராக எழுதுபவர், அன்றைக்குக் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனது. "தூங்கினீங்களா அண்ணே?" என்றேன். "தூங்கினேன்" என்றார். நான் பேனாவைத் திரும்ப வாங்காமல் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாற்று டிரைவரைக் கூப்பிட்டோம், அன்றைய சம்பளத்தையும் கொடுத்தோம். அவர் என்னிடம் பொய் சொல்ல விரும்பியவர் இல்லை. அன்றைய கூலி போய்விடும் என்ற பயம்தான் அவரை அப்படிச் சொல்ல வைத்தது.

அதனால் "தூங்கினாயா?" என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், நடுவில் விழித்தீர்களா, முந்தாநாள் எப்படி என்று கேளுங்கள். நேரத்தைக் கேட்டால் மனிதர்கள் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். 1997-இல் நேச்சர் இதழில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவை நான் எல்லா டிரைவர்களுக்கும் சொல்வேன்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பல நாடுகளில் வண்டி ஓட்டத் தடை தொடங்குவதே அந்த அளவில்தான். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர் இரவு எட்டு மணிக்கு இன்னும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் ஒரு சொட்டு குடிக்காமலேயே அந்த நிலைக்கு வந்துவிட்டார்.

உடம்புக்கும் ஒரு கடிகாரம் உண்டு. நள்ளிரவு தாண்டி இரண்டு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை தூக்கம் மிக அழுத்தமாக இழுக்கும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டிலிருந்து நான்கு வரை இன்னொரு தடவை இழுக்கும். அந்த நேரங்களில் ரூட்டின் கடினமான பகுதி, மலைப்பாதையோ நெரிசலான நகரமோ, விழாதபடி டிரிப்பை அமைக்க முடிந்தால் அமைத்துவிடுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் போகிறது, நான்கு வினாடி கண் அசந்தால் கிட்டத்தட்ட 90 மீட்டர் யாருமே ஓட்டாமல் போயிருக்கும்.

வழியில் தூக்கம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் காலையிலேயே சொல்லி அனுப்புங்கள். பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி 20 நிமிடம் தூங்கலாம், எழுந்த உடனே கிளம்பக்கூடாது. விழித்த பிறகும் கால் மணி, சில சமயம் அரை மணி நேரம் வரை மூளை மந்தமாகவே இருக்கும், இறங்கி நடந்துவிட்டு ஏறட்டும். பாட்டு, குளிர்காற்று, பாக்கு எல்லாம் தூக்கத்தைப் போக்குவதில்லை.

குடி விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டம் வையுங்கள். ஊதிப் பார்க்கும் கருவி இருந்தால் டிரைவர், கிளீனர், சூப்பர்வைசர் எல்லோரும் ஊதட்டும், அப்போதுதான் யாருக்கும் அவமானமாகத் தோன்றாது. நேற்று இரவு குடித்தது காலையில் உடம்பில் இருக்காது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். சராசரியாக மணிக்கு 0.015 சதவீதம் அளவில்தான் இரத்தத்தில் அது குறைகிறது. 0.12 சதவீதத்தோடு இரவு ஒரு மணிக்குப் படுத்தவருக்கு அது முழுதாக இறங்கவே காலை ஒன்பது ஆகும். குளித்தாலும் காபி குடித்தாலும் அந்த வேகம் கூடாது.

மருந்தைப் பற்றியும் கேளுங்கள். சளி, அரிப்பு, அலர்ஜிக்குத் தரும் சில மாத்திரைகள், இருமல் சிரப்புகள், சில வலி மாத்திரைகள் தூக்கம் தரும், உறையிலேயே எழுதியிருப்பார்கள். இன்சுலின் போடுபவர் சாப்பிடாமல் கிளம்பினால் வழியில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கக்கூடும், அவர் சாப்பிட்டுவிட்டாரா, கையில் இனிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பலமாகக் குறட்டை விட்டு, பகலெல்லாம் தூங்கி வழிபவரைத் திட்டுவதைவிட டாக்டரிடம் அனுப்புவது மேல், தூக்கத்தில் மூச்சடைக்கும் நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

ஓட்டும் நேர வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். அமெரிக்காவில் சரக்கு வண்டி டிரைவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் 11 மணி நேரம் வரை ஓட்டலாம். உங்கள் ஊர்ச் சட்டம் எதுவோ அதைச் சுவரில் ஒட்டுங்கள், ஆனால் சட்டம் சொல்வது உச்ச வரம்பு. ராத்திரி தூங்காத மனிதருக்கு நாலு மணி நேரமே அதிகம்.

கடைசியாக இன்றைய வேலைக்கு இவர் புதியவரா என்று பாருங்கள். லைசென்ஸ் இந்த வகை வண்டிக்கு உரியதா, இந்த மாடலை முன்பு ஓட்டியிருக்கிறாரா, இந்த ரூட்டில் போயிருக்கிறாரா. மூன்றும் ஒரே நாளில் புதிது என்றால் அனுபவமுள்ள ஒருவரைக் கூட அனுப்புங்கள், இல்லை வேலையை மாற்றிக் கொடுங்கள்.

படி 4: வண்டியைச் சுற்றி வாருங்கள்

இதற்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும், டிரெய்லர் என்றால் இன்னும் கூட. அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள், அது வேலை நேரம்தான். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, சாவியைச் சோதிப்பவர் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். அடியில் ஒருவர் குனிந்திருக்கும்போது மேலே இன்னொருவர் ஸ்டார்ட் செய்து நடந்த விபத்துகள் உண்டு.

எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் சரி, தினமும் அதே திசையில் சுற்றுங்கள். பழகிய வரிசையில் போனால் ஒன்று விட்டுப்போனால் கால் தானாக நின்றுவிடும். முதலில் தள்ளி நின்று முழு வண்டியையும் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங் பட்டையோ சஸ்பென்ஷன் ஏர் பையோ டயரோ போயிருக்கிறது. அடியில் ஈரம் இருந்தால் என்ன ஈரம் என்று தெரிந்துகொள்ளாமல் நகராதீர்கள்: தண்ணீரா, டீசலா, ஆயிலா, கூலன்ட்டா.

டயரில் காற்றைக் குளிர்ந்த நிலையில், கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. பின்னால் ஜோடி டயர் இருக்கும் இடத்தில் உள் டயர் இறங்கியிருந்தாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டு எதுவும் நடக்காதது போல் நிற்கும். அப்புறம் இரண்டு டயர் சுமையையும் ஒன்றே தாங்கிச் சூடேறி வழியில் வெடிக்கும். டார்ச் அடித்து இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், பக்கச் சுவரில் வெட்டு, புடைப்பு, உள்ளே கம்பி தெரிவது இவற்றில் எது இருந்தாலும் வண்டி நிற்க வேண்டும். பட்டன் ஆழம், அதாவது டயர் பள்ளங்களின் ஆழம், ஐரோப்பிய ஒன்றியத்தில் கார், சின்ன வேன்களுக்குச் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர், அமெரிக்காவில் பெரிய வண்டிகளின் முன் டயருக்கு ஏறக்குறைய 3.2 மில்லிமீட்டர். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும் என்பதால் முன் டயருக்கு நான் இந்த இரண்டாவது கணக்கைத்தான் வைத்திருக்கிறேன்.

வீல் நட்டு. இங்கே மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த நட்டு பெரும்பாலும் ஏதாவது அடையாளம் காட்டும்: நட்டின் ஓரத்திலிருந்து ரிம் மேல் துருக் கோடு வழிந்திருக்கும், மழையில் ஆணி துருப்பிடித்து ஒழுகினது போல. அல்லது நட்டைச் சுற்றி பெயின்ட் தேய்ந்து உலோகம் பளபளக்கும். நட்டுக்கு நட்டு பிளாஸ்டிக் அம்பு மாட்டி வைத்தால் இன்னும் சுலபம், ஒன்று திரும்பினாலும் வரிசை கலைந்தது தெரியும். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி என்றால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சு (குறித்த இறுக்கத்துக்கு முறுக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி முறுக்க வேண்டும், இதை டிரிப் ஷீட்டின் தலைப்பிலேயே சிவப்பில் எழுதுங்கள். கழன்ற என் சக்கரம் ஓடியது நாற்பதுகூட இல்லை, அதனால் இரவில் சக்கரம் மாட்டிய வண்டியைக் காலையில் விடும் முன்பே ஒரு முறை முறுக்கிப் பார்ப்பதையும் நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

ஏர் பிரேக் சோதனை பலருக்குத் தெரியும், செய்பவர்கள் குறைவு. வரிசை இதுதான்:

1. ஏர் டேங்கின் வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். ஆயில் கலந்து வந்தால் கம்ப்ரெசரைப் பார்க்கச் சொல்லுங்கள்.
2. என்ஜினை ஓடவிட்டு ஏர் முழுதாக ஏறட்டும். பல வண்டிகளில் இது சதுர அங்குலத்துக்கு 100 முதல் 125 பவுண்டு (psi), சிலவற்றில் இன்னும் அதிகம்.
3. முட்டுக்கட்டை இருக்கும்போதே என்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் கேஜைப் பாருங்கள். தனி வண்டியில் 2 பவுண்டுக்கு மேல், டிரெய்லர் மாட்டியதில் 3 பவுண்டுக்கு மேல் இறங்கக்கூடாது. பெடலை அழுத்திப் பிடித்து இன்னொரு நிமிடம்: இப்போது வரம்பு 3, 4 பவுண்டு. இவை அமெரிக்க டிரைவர் தேர்வில் வைத்திருக்கும் அளவுகள்.
4. சாவியை ஆன் நிலையில் வைத்துப் பெடலை விட்டு விட்டு மிதித்து ஏரை இறக்குங்கள். 60 பவுண்டை ஒட்டி எச்சரிக்கை விளக்கோ பஸ்ஸரோ வர வேண்டும். வரவில்லை என்றால் வண்டி போகாது.
5. இன்னும் இறக்கினால் 45-க்கும் 20-க்கும் இடையே பார்க்கிங் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும்.

ஹைட்ராலிக் பிரேக், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பிரேக், உள்ள சின்ன வண்டியில் மூன்று முறை மிதித்துவிட்டு ஐந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள், பெடல் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது.

ஸ்டியரிங்கில் வெற்று ஆட்டம் 10 டிகிரிக்கு மேல் கூடாது. 20 அங்குல ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் அது சுமார் 4.5 சென்டிமீட்டர், இரண்டு விரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. விளக்குகளை இன்னொருவர் பின்னால் நின்று பார்க்கட்டும், ஆள் இல்லாவிட்டால் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். வைப்பர், ஹாரன், கண்ணாடி, சீட் பெல்ட், தீயணைப்பான், எச்சரிக்கை முக்கோணம், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வழக்கம்போல. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், சில நேரம் யாரோ கழற்றியும் வைத்திருப்பார்கள்.

டிரெய்லர் மாட்டும் வண்டி என்றால் கிங்பின்னை (டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்புத் தண்டு) பூட்டின் தாடை முழுதாகக் கவ்வியிருக்கிறதா என்று அடியில் டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள், டிரெய்லரின் மேல் தகடுக்கும் ஐந்தாம் சக்கரத்துக்கும் (டிரெய்லரைத் தாங்கும், இழுக்கும் வண்டியின் இணைப்புத் தட்டு) நடுவே இடைவெளி இருக்கக்கூடாது. அப்புறம் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து லோ கியரில் மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். க்ளிக் என்ற சத்தத்தை மட்டும் நம்பி யாரும் கிளம்ப வேண்டாம். டிப்பர் என்றால் பாடி முழுதாக இறங்கி பி.டி.ஓ. (பாடியைத் தூக்க என்ஜின் சக்தியை எடுக்கும் இணைப்பு) விலகியிருக்க வேண்டும்.

படி 5: லோடு

ஏற்றியவர் வேறு ஆளாக இருந்தாலும் சாலையில் அதைச் சுமப்பவர் டிரைவர்தான், அதனால் சீல் போட்ட பெட்டியைத் தவிர மற்ற எல்லா லோடையும் அவர் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

"பத்து டன் கனம், தானாக நகராது" என்று சொல்வார்கள். கனமான பொருளை நிறுத்த அதே அளவுக்குக் கனமான பிடிமானம் வேண்டும். ஐரோப்பிய நெறிமுறையில் லோடு முன்பக்கம் தன் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 பங்கையும் தாங்கும்படி கட்டப்பட வேண்டும். பத்து டன் லோடு, சட்டென்று பிரேக் அடித்தால், எட்டு டன் அளவு கேபினை நோக்கித் தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் முன் சுவரை ஒட்டி இடைவெளி இல்லாமல் அடுக்குவது, அடியில் ரப்பர் விரிப்பு போடுவது, மேலே பெல்ட் போட்டு இறுக்குவது மூன்றும் சேர்ந்து வேண்டும். மேலிருந்து அழுத்தும் பெல்ட் செங்குத்தாக இறங்க இறங்கத்தான் பலமாகப் பிடிக்கும், படுத்த கோணத்தில் போனால் அழுத்தம் குறைந்துவிடும். வெட்டுப்பட்ட பெல்ட், முடிச்சுப் போட்ட பெல்ட் இரண்டும் குப்பைக்கு.

மொத்த எடை சரியாக இருந்தாலும் ஒரே ஆக்சிலில் குவிந்திருக்கலாம், முழுக்கப் பின்னால் ஏற்றினால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் கேட்காது. பாதி நிரம்பிய டேங்கர் முழுதாக நிரம்பியதைவிட ஆபத்தானது, உள்ளே திரவம் வளைவில் ஒரு பக்கம் அலைந்து வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். டிரைவரிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

படி 6: தாள்கள்

பதிவு, காப்பீடு, தகுதிச் சான்று, லைசென்ஸ், சரக்கு பில், ஆபத்தான சரக்கு என்றால் அதற்கான தாளும் பயிற்சிச் சான்றும். முடியும் தேதிகளை ஒரு ஷீட்டில் போட்டு முப்பது நாளுக்கு முன்பே எச்சரிக்கும்படி வைத்துவிட்டால் காலையில் இதற்கு ஒரு நிமிடம் போதும்.

படி 7: இரண்டு நிமிடப் பேச்சு, அப்புறம் கேட்

எந்த ரூட், எங்கே வேலை நடக்கிறது, எங்கே தாழ்வான பாலம், இறக்கும் இடத்தில் ரிவர்ஸ் எடுக்க யார் கை காட்டுவார், பிரேக்டவுன் ஆனால் முதல் போன் யாருக்கு. மழை, மூடுபனி இருந்தால் தாமதம் ஆகலாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "லேட்டானாலும் பரவாயில்ல, பார்த்துப் போங்க" என்ற வார்த்தை டிஸ்பேட்ச் வாயிலிருந்து வந்தால் டிரைவரின் வலது கால் தானாக லேசாகும்.

இன்னொரு வாக்குறுதி நம் பக்கத்திலிருந்து வர வேண்டும்: வண்டி ஓடும்போது நாங்கள் போன் செய்ய மாட்டோம். டிரைவர் ஓட்டிக்கொண்டே பேசுகிறார் என்று புகார் சொல்பவர்கள், எதிர்முனையில் பேசியது பல நேரம் ஆபீஸ்தான் என்பதை யோசிப்பதில்லை. மெசேஜ் போடுங்கள், நிறுத்தியதும் அவர் கூப்பிடட்டும்.

நகரும் முன் டிரைவர் இன்னொரு தடவை வண்டியைச் சுற்றி வரட்டும், முன்னும் பின்னும் ஆளோ குழந்தையோ இல்லை என்று பார்க்க. பெரிய லாரியின் மூக்குக்கு நேர் கீழே நிற்பவரைச் சீட்டில் இருந்து பார்க்க முடியாது. கேட்டுக்குச் சில மீட்டர் முன்னால் நடை வேகத்தில் ஒரு பிரேக் அடித்துப் பார்த்து, நேராக நின்றால் கேட்டைத் திறக்கலாம்.

படி 8: பதிவு உயிரோடு இருக்க வேண்டும்

பழுதை இரண்டாகப் பிரியுங்கள். சிவப்பு என்றால் வண்டி நகராது: பிரேக், ஸ்டியரிங், டயர், வீல் நட்டு, முக்கிய விளக்குகள், கப்ளிங், தளர்ந்த லோடு. மஞ்சள் என்றால் போகலாம், ஆனால் எந்தத் தேதிக்குள் சரி செய்வது என்று எதிரில் எழுதியிருக்க வேண்டும். தேதி தாண்டிய மஞ்சள் மறுநாள் காலை தானாகச் சிவப்பாகிவிடும். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் மஞ்சள் பழுதுகள் மாதக்கணக்கில் கிடக்கும்.

அறுபது நாளாக "எல்லாம் சரி" என்று வரும் வண்டியைச் சந்தேகப்படுங்கள். ஓடுகிற வண்டியில் இரண்டு மாதம் ஒரு பல்புகூடப் போகாமல் இருப்பது அபூர்வம். சர்வீஸுக்குப் போனபோது மெக்கானிக் கண்ட பழுதுகளையும் அதற்கு முந்தின வாரம் டிரைவர் எழுதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யார் பார்க்கிறார்கள், யார் டிக் மட்டும் போடுகிறார்கள் என்று தெரியும். நான் மாதம் ஒரு முறை வண்டியின் அடியிலோ ஜோடி டயருக்கு நடுவிலோ சின்ன வண்ண அட்டையைக் கட்டி வைப்பேன், கண்டுபிடித்துக் கொண்டுவருபவருக்கு ஒரு பரிசு. கண்டுபிடிக்காதவரைத் திட்டுவதில்லை, மறுநாள் அவரோடு நானும் சேர்ந்து சுற்றி வருவேன். சிலர் சரியாகக் குனிய முடியாமல் முழங்கால் வலியோடு இருந்தார்கள், ஒருவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியே இல்லை. அதெல்லாம் அப்படிச் சேர்ந்து நடந்தபோதுதான் தெரிந்தது.

வண்டி நிற்க வேண்டிய காலையில்

இப்படியெல்லாம் செய்தாலும் ஒரு நாள் காலை ஆறு மணிக்குச் சிவப்பு வரும், மாற்று வண்டியும் வெளியே போயிருக்கும், கஸ்டமருக்கு எட்டு மணிக்குச் சரக்கு வேண்டும். உடனே கஸ்டமருக்குப் போன் போடுங்கள். ஆறு மணிக்குச் சொன்னால் அவர் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வார், பத்து மணிக்குச் சொன்னால் கோபப்படுவார், இது என் அனுபவம். என்ன பழுது, எப்போது சரியாகும், எத்தனை மணிக்கு அடுத்து கூப்பிடுவேன் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள், சொன்ன நேரத்தில் கூப்பிடுங்கள். சாவியை டிரைவர் கையில் விடாமல் ஆபீஸ் ஆணியில் மாட்டி, ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டையைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் விஷயம் தெரியாத இன்னொருவர் ஏறி எடுத்துக்கொண்டு போய்விடுவார். டிரைவரை வீட்டுக்கு அனுப்புவதா, பழுது முடியும் வரை படுக்க இடம் கொடுப்பதா என்று அப்போதே முடிவு செய்யுங்கள். காலையிலிருந்து காத்திருந்துவிட்டு மதியம் மூன்று மணிக்கு அவர் கிளம்பினால் விழித்த நேரக் கணக்கு காலை எழுந்ததிலிருந்துதான் ஓடுகிறது, அன்றைய ரூட்டை அதற்கேற்றபடி பாதியாகக் குறைத்து எழுதுங்கள்.